மழை கழுவித் தந்த மண்



ஐப்பசி பிறந்து வானம் கறுக்கத் தொடங்கியதும், நம் இல்லத்து அடுக்களைகளில் ஒரு கவலையும் உடன் பிறக்கிறது. காய்கறி விலையே அக்கவலை. 2019ஆம் ஆண்டு டிசம்பரில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2021ஆம் ஆண்டு நவம்பரில் தக்காளியும் அவ்வாறே நூறைத் தாண்டிற்று. வயல்களில் நீர் தேங்கும். பறித்த காய் வழியிலேயே அழுகும். கோயம்பேட்டுக்கு வரும் லாரிகள் குறையும். அதன் விளைவை நம் வீட்டுக் குழம்புச் சட்டியில் காண்கிறோம்.

நான் வாழும் பகுதியில் இத்துன்பம் இருமடங்காகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழ்வோரில் பலர் ஒப்பந்தக் கூலிகள். வேலைக்குச் சென்ற நாளுக்கே ஊதியம்; சாலையில் வெள்ளம் ஓடி வேலை தடைப்பட்டால் அன்றைய வருவாய் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற் சூளைகளும் மழைக் காலத்தில் அணைந்தே கிடக்கும். வரவு சுருங்கும் அதே மாதங்களில்தான் காய்கறிச் செலவு பெருகுகிறது. அப்போது முதலில் குறைக்கப்படுவது கீரையும் காயுமே. அரிசி நியாய விலைக் கடையில் கிடைத்துவிடும்; காய்க்கு அப்படி ஒரு கடை இல்லை. நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனி ஒருவருக்குத் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் மாநிலத்துப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச் சோகை உடையோர் என்பது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு கண்ட உண்மை. ஆதலின் இது நாவின் சுவை பற்றிய பேச்சன்று; நம் தாய்மாரின், பிள்ளைகளின் உடல் நலம் பற்றிய பேச்சு.

இதில் ஒரு வியப்பும் உண்டு. காய்கறி எட்டாக் கனியாகும் அக்காலத்தை அடுத்து வரும் மார்கழியும் தையும்தான், நம் மண்ணில் காய்கறி மிக எளிதாக வளரும் மாதங்கள்! குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் தோட்டத்தை மூடி வைப்பர், மண் உறைந்துவிடும். இங்கோ பனிக்காலத்து விடியற்காலையிலும் வெப்பம் பெரும்பாலும் இருபது பாகையை ஒட்டியே இருக்கும். நமக்குச் செடிகள் உறங்கும் காலம் சித்திரையும் வைகாசியுமே. நம் பனிக்காலம் செடிகள் விழித்திருக்கும் காலம்.

உப்பின் கதை

எங்கள் சிற்றூர் கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியை நோக்கிய பக்கத்தில் உள்ளது. சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. அதன் காற்றிலும் நிலத்தடி நீரிலும் உப்பு உண்டு. நான் ஓதிக் கொடுக்கும் மதரஸாவின் கிணற்று நீரைக் கோடையில் வாயில் விட்டால் முகம் சுளிக்கத்தான் வேண்டும்.

கல்லூரியில் வரலாறு பயின்றவன் நான். ஆதலின் எதற்கும் முன்கதை தேடுவது என் வழக்கமாகிவிட்டது. இந்த உப்புக்கும் ஒரு முன்கதை உண்டு. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் இவ்வட்டாரத்தில், மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் 1960களின் இறுதியிலிருந்து கிணற்றுத் தொகுதிகள் அமைத்துச் சென்னை நகருக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீர் எடுக்கப்பட்டது. உழவரும் தம் பாசனத்துக்கு இறைத்தனர். நன்னீர் குறையக் குறைய, அது விட்டுச் சென்ற இடத்தைக் கடல்நீர் நிரப்பியது. மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. எந்த மீஞ்சூரிலிருந்து நகரம் நன்னீர் பெற்றதோ, அதே வட்டாரத்துக் காட்டுப்பள்ளியில் 2010ஆம் ஆண்டு, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையைத் திறக்க நேர்ந்தது. மண்ணிடம் கடன் வாங்கினால் அதுவும் வட்டி கேட்கும் போலும்!

உப்பு செடியை எவ்வாறு வாட்டுகிறது என்பதை எளிதில் விளங்கிக் கொள்ளலாம். ஊறுகாய்க்கு எலுமிச்சையில் உப்பிட்டு வைக்கிறீர்கள். சற்று நேரத்தில் எலுமிச்சை தன் நீரை வெளியே விடுகிறது அல்லவா? வேரைச் சுற்றி உப்பு மிகுந்தாலும் அவ்வாறே. மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. நீருக்கு நடுவே செடி தாகத்தால் வாடுகிறது. இலையின் ஓரம் தீய்ந்து பழுப்பாகும். அதைக் கண்டு நாம் உரம் போதவில்லை என்று எண்ணி இரசாயன உரத்தை அள்ளியிட்டால், அதுவும் ஓர் உப்பே; துன்பம் கூடும்.

பாசன நீர் பற்றி ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு தரும் அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள உப்புகள் 450 மில்லிகிராமுக்குக் கீழிருந்தால் பயிருக்குத் தடையில்லை. 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் கடும் இடர். இதை அளக்கும் சிறு கருவி இன்று குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி பழுது பார்ப்போர் ஒவ்வொருவரிடமும் உள்ளது. கேட்டால் அளந்து சொல்வார். எங்கள் கிணறு மழை ஓய்ந்த தையில் முதல் எல்லைக்குச் சற்று மேலே நிற்கும்; சித்திரையில் இரண்டாம் எல்லையைத் தொட்டுவிடும்.

இங்கேதான் மழையின் பேரருள் விளங்குகிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவமழை தருகிறது; நம் கடற்கரை மாவட்டங்களுக்கு அதன் பங்கு இன்னும் மிகுதி. மேலிருந்து இறங்கும் மழைநீர் மேல்மண்ணின் உப்பைக் கரைத்துக் கீழே இழுத்துச் செல்கிறது. எந்தச் செலவுமின்றி மண் கழுவப்படுகிறது. கழுவிய மண் தையும் மாசியும் கடந்து பங்குனி வரை நமக்குப் பயன்படும். அதன்பின் வெயில் ஏற ஏற நீர் ஆவியாகி, உப்பு மறுபடியும் மேலே வந்து வெண்மையாய்ப் படியும். அந்த மூன்று நான்கு மாதத் தவணையே எங்கள் தோட்டத்தின் ஆயுள்.

ஆகவே உவர்நிலத்தில் வாழும் சகோதரிகளுக்கு மூன்று செய்திகள். முதலாவது, மழைநீர் வெளியேற வாய்க்கால் வெட்டி வையுங்கள். நீர் தேங்கினால் கரைந்த உப்பும் அங்கேயே தங்கும். இரண்டாவது, மழை ஓய்ந்ததும் செடியைச் சுற்றி வைக்கோலோ சருகோ பரப்புங்கள். மண் காயாதிருந்தால் உப்பு மேலேறாது. மூன்றாவது, நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் வேர் முழுதும் நனைய ஊற்றுங்கள். பீன்ஸ், காரட், வெங்காயம் உப்பைப் பொறா. பாலக்கீரையும் பீட்ரூட்டும் ஓரளவு பொறுக்கும். கத்தரியும் தக்காளியும் இடைநிலை.

ஒரு தாய் கேட்ட கேள்வி

மதரஸாவின் பின்புறம் ஏறத்தாழ ஐந்து சென்ட் நிலம் உண்டு. அதில் மாணவர்களைக் கொண்டு கீரைப் பாத்தி அமைக்க நான் முனைந்தபோது, ஒரு மாணவியின் தாய் என்னிடம் வந்தார். கணவரை இழந்தவர், தொழிற்பேட்டையில் துப்புரவுப் பணி செய்து இரு பிள்ளைகளை வளர்ப்பவர்.

"ஹஜ்ரத், கீரை கொடுத்து அனுப்புவதாகப் பிள்ளை சொன்னாள். சந்தோஷம். ஆனால் சுற்றிலும் ஆலைகள். இந்த மண்ணில் விளைந்ததைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

கல்வியறிவு மிக்கவர் என்று நாம் கருதும் பலர் கேளாத கேள்வி அது. இயற்கையாய் விளைந்தது என்ற ஒரே காரணத்தால் எல்லாம் நல்லதாகிவிடாது. கீரை தான் நிற்கும் மண்ணில் உள்ளதையே உண்கிறது. "அம்மா, பரிசோதித்த பின்பே கொடுப்பேன்" என்று அவரிடம் சொன்னேன்.

வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் கார அமில நிலை, உப்பின் அளவு, தழை மணி சாம்பல் சத்துகள், நுண்ணூட்டங்கள் ஆகியவற்றைப் பார்த்துச் சொல்வர். ஈயம் போன்ற நச்சு உலோகங்களை அறிய அது போதாது. அதற்கென்று தனி ஆய்வகத்தை நாட வேண்டும். நண்பர்கள் உதவியால் இரண்டையும் செய்தோம். நிலத்தின் நான்கு மூலைகளிலும் தனித்தனியே மண் எடுத்தது நல்லதாயிற்று. மூன்று மூலைகள் குறையின்றி இருந்தன. வடமேற்கு மூலையில் மட்டும் ஈயம் மிகுந்திருந்தது. அண்டை முதியவர் ஒருவரை விசாரித்ததில், மதரஸா வருமுன் அந்த மூலையில் யாரோ பழைய மின்கலங்களை உடைத்து உருக்கி வந்தது தெரிந்தது.

பிள்ளைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்பது மருத்துவ உலகின் இன்றைய முடிவு. அது மூளையின் வளர்ச்சியைத் தடுக்கும். ஆகவே அந்த மூலையில் உண்ணும் பொருள் எதையும் நடவில்லை. புல் பரப்பி, கனகாம்பரமும் மல்லிகையும் வைத்து, பிள்ளைகள் அங்கே மண்ணளைந்து விளையாடாதபடி வேலியும் கட்டினோம்.

நச்சு உலோகம் செடியின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே அளவில் சேர்வதில்லை. வேரிலும் இலையிலும் மிகுதி; காயிலும் கனியிலும் குறைவு. ஐயமுள்ள மண்ணில் கீரையும் முள்ளங்கியும் கூடா. அத்தகைய இடத்தில் வாழ்வோர் வேறிடத்து நன்மண்ணைப் பைகளில் நிரப்பி வளர்ப்பதே பாதுகாப்பு. மக்கிய எரு மிகுந்த மண்ணில் உலோகங்கள் எளிதில் செடிக்குள் ஏறுவதில்லை. சாலைப் புழுதியும் ஆலைத் துகளும் இலைமேல் படியுமாதலால், கீரையை மூன்று நீரில் அலசிச் சமைப்பது நம் பகுதியில் கட்டாயம்.

ஆய்வு முடிவை அத்தாயிடம் வாசித்துக் காட்டினேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்த மூலையில் மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள் ஹஜ்ரத்" என்றார். மறுவாரம் தாமே ஒரு பிடி வெந்தய விதையுடன் வந்து பாத்தியில் தூவினார்.

மாதங்களின் ஒழுங்கு

பந்தல் அவரையை ஆடியில் விதைக்க வேண்டும். அது ஆவணியிலும் புரட்டாசியிலும் கொடியாய் ஓடுமேயன்றிப் பூக்காது. பொறுமையிழந்து வெட்டிவிடாதீர்கள்! நாட்டு அவரை பகற்பொழுதின் நீளத்தை அளந்து பூக்கும் இயல்புடையது. ஜூனில் நமக்குப் பகல் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. டிசம்பர் இறுதியில் பதினொன்றேகால் மணியைச் சற்றே கடந்து நிற்கும். அந்த ஒன்றரை மணி நேரச் சுருக்கத்தை நாம் தொழுகை நேர அட்டவணையில் காண்கிறோம். அவரைக் கொடி தன் இலையிலேயே உணர்ந்து, பொழுது குறுகியதும் கொத்துக் கொத்தாய்ப் பூக்கிறது. மார்கழி முதல் மாசி வரை காய் ஓயாது.

கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுகளைப் புரட்டாசி இறுதியிலோ ஐப்பசியிலோ தாழ்வாரத்தில், சாரல் படாத தட்டுகளில் வளர்த்து வையுங்கள். பெருமழையில் நேரே விதைத்தால் விதை அடித்துச் செல்லப்படும். தப்பிய நாற்றும் அழுகும். கார்த்திகைப் பிற்பகுதியில் மழை இடைவெளி தரும்போது எடுத்து நடலாம். முள்ளங்கி, பீட்ரூட், நூற்கோல் ஆகியவை பனிக்காலத்தை விரும்புபவை. அவற்றை மார்கழியில் விதைக்கலாம். முள்ளங்கி நாற்பத்தைந்து நாளில் கைக்கு வரும். முளைக்கீரையும் சிறுகீரையும் இருபத்தைந்து நாளில் பறிக்கலாம். வாரம் ஒரு சிறு பாத்தியாக விதைத்தால் வாரம் ஒரு கட்டு கிடைத்துக்கொண்டே இருக்கும். முழுவதையும் ஒரே நாளில் விதைப்பது ஒரு நாள் விருந்து, பல நாள் பட்டினி.

கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும் என்பதை மூத்த பெண்கள் அறிவர். நாம் விதை என்று சொல்லும் அந்த உருண்டைக்குள் இரு விதைகள் உண்டு என்பதே காரணம். புதினாவுக்கு விதையே வேண்டா. கடைக் கட்டில் இலை கிள்ளியபின் எஞ்சும் தண்டை ஈர மண்ணில் ஊன்றினால் போதும்.

பனியும் பூச்சியும்

மார்கழிப் பனிக்காலத்தில் சாம்பல் நோய் வரும். இலைமேல் மாவு தூவியது போலிருக்கும். மாலையில் நீர் ஊற்றினால் ஈரம் இரவெல்லாம் நிற்கும். ஆதலின் சுபுஹுத் தொழுகைக்குப் பின், காலையிலேயே வேரில் ஊற்றுங்கள். செடிக்குச் செடி காற்றோட்டம் இருக்கட்டும். நோயுற்ற இலையை உடனே கிள்ளி அப்புறப்படுத்துங்கள்.

மேகமூட்டமும் குளிரும் சேர்ந்தால் அவரையின் இளந்தளிரில் அசுவினி கருமையாய் அப்பும். முதல் நாளே கண்டால் விரலால் வழித்தெறியலாம். அல்லது நீரைப் பீய்ச்சி உதிர்க்கலாம். மீறினால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிதளவு காதிச் சோப்புக் கரைசலும் கலந்து மாலை வேளையில் தெளியுங்கள். புள்ளி வைத்த சிவப்புப் பொறிவண்டைக் கண்டால் கொல்லாதீர்கள். அசுவினியை உண்டு நமக்கு ஊழியம் செய்யும் உயிர் அது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தபின், வண்டைக் கண்டதும் நசுக்கிய கைகள் அதை இலையோடு ஏந்தி அடுத்த கொடியில் விடுவதைக் காண்கிறேன்.

ஒளுவின் நீர்

சாண எருவைக் கையாளலாமா என்று சிலர் தயக்கத்துடன் வினவுகின்றனர். எரு இட்டு விளைவிப்பதை நம் சட்ட அறிஞர்கள் அனுமதித்தே உள்ளனர். விளைந்த பொருள் தூய்மையானதே. கையையும் காயையும் கழுவிக் கொள்வதே நம் பொறுப்பு.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் என்னும் அறிஞர், 'கிதாபுல் ஃபிலாஹா' என்ற வேளாண் பெருநூலை அரபியில் எழுதினார். 585 செடி கொடிகளைப் பற்றி அதில் ஆராய்ந்துள்ளார். மண்ணின் வகை, எருவின் வகை, நீரின் வகை என்று பிரித்துப் பேசும் அந்நூலை 1802ஆம் ஆண்டில் ஸ்பானிய மொழியில் பெயர்த்து வெளியிட்டனர். அரபு உலகம் மண்ணைப் பற்றி எழுதியதை ஐரோப்பா அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தேடிப் படித்தது. நம் கத்தரிக்காயும் இவ்வழியே சென்ற பயணிதான். இந்திய மண்ணில் பிறந்து, பாரசீகத்திலும் அரபியிலும் 'பாதின்ஜான்' எனப் பெயர் பெற்று, மேற்கே சென்று, பின்னர் போர்ச்சுகீசியர் நாவழியாகப் 'பிரிஞ்சால்' என்று நமக்கே திரும்பி வந்தது!

நீர் பற்றியும் ஒரு சொல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில், அதாவது இரு கை கொள்ளும் அளவில், ஒளுச் செய்ததாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். குழாயைத் திறந்து விட்டு நாம் எத்தனை லிட்டரைப் போக்குகிறோம்! எங்கள் மதரஸாவில் பிள்ளைகள் ஒளுச் செய்யும் நீர் முன்பு தெருவில் ஓடியது. ஒரு குழாய் பதித்து அதைப் பாத்திகளுக்குத் திருப்பினோம். சோப்புக் கலவாத நீராதலால் செடிக்குத் தீங்கில்லை. குழாயைச் சிறிதே திறக்கும் பழக்கமும் பிள்ளைகளுக்கு உடன் வந்தது. தன் முகத்தில் பட்ட நீர் எந்தக் கொடிக்குப் போகிறது என்று கண்ணால் காணும் பிள்ளை அதை வீணாக்க மனம் கொள்வதில்லை.

புயலுக்குப் பின்

நம் பனிக்காலத் தோட்டத்துக்குப் பெரும் அச்சம் புயலே. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரை கடந்தபோது எங்கள் பக்கத்து மரங்கள் எத்தனையோ சாய்ந்தன. 2023ஆம் ஆண்டு டிசம்பரின் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கரையை ஒட்டி நகர்ந்து சென்னை, திருவள்ளூர் பகுதிகளை வெள்ளக்காடாக்கியது. முருங்கை மெல்லிய மரம். புயலுக்கு முன்னரே கிளைகளை வெட்டிவிட்டால் அடிமரம் தப்பும், தையில் மீண்டும் தழைக்கும். மாடியில் உள்ள பைகளைச் சுவரோரம் நெருக்கி வையுங்கள். பையின் அடியில் வடிகால் துளை அடைபட்டிருந்தால் திறந்து விடுங்கள். நீர் தேங்கினால் வேர் மூச்சின்றி இறக்கும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்த வெள்ளநீர் ஏறி இறங்கிய கீரையை உண்ணாதீர்கள். எவ்வளவு செழுமையாய்த் தோன்றினாலும் பிடுங்கி எறியுங்கள். எருக்குழியிலும் இட வேண்டா. மேல்மண் நன்கு காய்ந்து, பின்னர் நல்ல மழையோ நன்னீரோ கழுவிய பின் புதிதாக விதையுங்கள். இருபத்தைந்து நாளில் கீரை மறுபடி வரும். இழப்புக்குப் பின் இவ்வளவு விரைவில் ஆறுதல் தருபவை உலகில் அதிகமில்லை.

நிலம் யாருக்கு?

இனி, என் உள்ளத்தை அழுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிற்பேட்டை வளர வளர, பிற மாநிலங்களிலிருந்து வேலை தேடி வருவோர்க்கு அறைகள் வேண்டியுள்ளன. கொல்லைப்புறம் இருந்த வீடுகளெல்லாம் வரிசை அறைகளாகின்றன. எங்கள் மதரஸாவின் பின்னிலத்திலும் ஆறு அறைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்ற யோசனையை நிர்வாகிகள் முன்வைத்தனர். தவறான யோசனையன்று. மதரஸாவுக்கு நிலையான வருவாய் இல்லை. அந்த வாடகையிலிருந்தே ஆசிரியர் ஊதியம் கொடுக்கலாம் என்றனர். அந்த ஆசிரியரில் நானும் ஒருவன்! என் ஊதியத்துக்கான வழியை எதிர்த்து நானே பேச வேண்டிய நிலை.

கூட்டத்தில் நான் அதிகம் பேசவில்லை. ஓராண்டுப் பனிக்காலத்தில் எத்தனை வீடுகளுக்குக் கீரை சென்றது என்று பிள்ளைகள் எழுதி வைத்த நோட்டை மேசைமேல் வைத்தேன். அதில் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பெயர்களும் இருந்தன. மொழி அறியாத அப்பெண்கள் எம் பெண்களோடு முதன்முதலில் பேசத் தொடங்கியது அவரைப் பந்தலின் கீழ்தான். குழம்பில் நீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அறை கட்டி அவர்களுக்கு இடம் கொடுப்பதும் நன்மையே. கீரை கொடுப்பதும் நன்மையே. இரண்டையும் எடைபோட்ட மூத்தோர், மேற்குப் பாதியில் மூன்று அறைகள் கட்டுவது, கிழக்குப் பாதியை விட்டு வைப்பது, அறைகளின் மேல்தளத்தை உறுதியாக வார்த்து மாடித் தோட்டத்துக்கு விடுவது என்று முடிவு செய்தனர். நச்சு மூலை மேற்குப் பாதியில் காரைத் தரையின் அடியில் மூடப்படும். தோண்டி எடுக்கும் மண்ணை வெளியே கொட்டாமல் அங்கேயே புதைத்து மூடவும் இசைந்துள்ளனர். கிழக்குப் பாதி இன்னும் எத்தனை ஆண்டுகள் திறந்திருக்கும் என்பதை இறைவனே அறிவான்.

உங்களுக்கும் நிலம் இல்லாதிருக்கலாம். மாடி இருந்தால், ஈர மண் நிரம்பிய பெரிய பை ஒவ்வொன்றும் இருபது முப்பது கிலோ கனக்கும் என்பதை நினைவில் கொண்டு, தேங்காய் நார்க் கழிவையும் மக்கிய எருவையும் மிகுதியாகக் கலந்து பாரத்தைக் குறையுங்கள்; பைகளைத் தளத்தின் நடுவே குவிக்காமல் சுவர் தாங்கும் ஓரங்களில் வையுங்கள். ஓட்டு வீடாயினும், கதவருகே நான்கு மணி நேர வெயில் விழும் இடம் இருந்தால் கீரைக்கும் புதினாவுக்கும் போதும். மாடித் தோட்டத் தளைகளைத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கி வந்துள்ளது. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரியுங்கள். திருவள்ளூருக்கு அருகே திரூரில் வேளாண் அறிவியல் நிலையமும் உண்டு. ஐயங்களை அங்கே கேட்கலாம்.

பத்துப் பைகளால் குடும்பத்தின் காய்கறித் தேவை முழுதும் தீர்ந்துவிடும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். தீராது. ஆனால் வாரத்துக்கு இருமுறை கீரையும், நாள்தோறும் ஒரு பிடி மல்லியும் புதினாவும், மாசி வரை அவரையும் வரும். கீரைக் கூட்டில் எலுமிச்சை பிழிந்து உண்டால் அதன் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும்; உணவோடு தேநீர் அருந்தினால் அது தடைபடும். இவ்வளவு சிறு மாற்றமும் நம் பெண் மக்களின் வெளிறிய முகத்தில் சிறிது செம்மையைக் கொண்டுவரும்.

மற்றுமொரு காரணம். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவாதலால் ரமளான் மாதம் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து, பனிக்காலத்துக்கு மீண்டும் வருகிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையுமாக இருமுறை ரமளான் பிறக்கும். நோன்புக் கஞ்சியில் இடும் மல்லியும் புதினாவும் மிகச் செழித்து வளரும் காலத்திலேயே நோன்பு வரப்போகிறது. உங்கள் வீட்டு வாசலில் கிள்ளிய இலை உங்கள் தெருப் பள்ளிவாசல் கஞ்சியில் மணக்கட்டுமே!

ஒருவர் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற கருத்தை அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக நாம் அறிகிறோம். அணில் கடித்த தக்காளியைக் கண்டு இனிச் சினங்கொள்ள வேண்டியதில்லை. அதுவும் நம் கணக்கில்தான் உள்ளது.

மழை ஓய்ந்துவிட்டால் காலம் தாழ்த்தாதீர்கள். முதலில் மண்ணைப் பாருங்கள், நீரைச் சுவைத்துப் பாருங்கள், ஐயமிருந்தால் பரிசோதியுங்கள். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு பிடி விதையைத் தூவுங்கள். மண்ணைக் கழுவித் தருவது அவன் அருள். விதைப்பது நம் கை.